துப்பாக்கியின் நெற்றி

கைராசி என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். டாக்டரைப் பற்றிச் சொன்னாலும் சரி, பிரசவம் பார்க்கும் நர்ஸைப் பற்றிச் சொன்னாலும் சரி. வருஷக்கணக்காகப் பழகிய கையை விட்டுவிட்டு ராசிக்குப் பேர் போய்ச் சேருவது என்ன நியாயம்? "சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்றாங்கம்மா, அதுக்கு ஏன் மூஞ்சியத் தூக்கிக்கிற?" என்பாள் என் மகள். ஒரு பேச்சுக்குச் சொன்னதில்தான் ஒரு தடவை என் பிழைப்பே போகப் பார்த்தது. அப்போது அவள் சின்னக் குழந்தை, அவளுக்கு எப்படித் தெரியும்?

எண்பதுகளின் கடைசி. ஆவடிப் பக்கம், படைகளின் துப்பாக்கிகளைப் பழுது பார்த்து அனுப்பும் ஒரு பட்டறை. பேர் வேண்டாம். என் வீட்டுக்காரர் அங்கே பெயின்டராக இருந்தார். மஞ்சள் காமாலையில் அவர் போனபோது மகளுக்குப் பேச்சுகூடத் திருந்தவில்லை. கருணை அடிப்படையில் எனக்கு வேலை கொடுத்தார்கள், குவார்ட்டர்ஸும் கையை விட்டுப் போகாமல் நின்றது. பேக்கிங் பிரிவில் பெட்டிக்குச் சீட்டு ஒட்டும் வேலை. பசை, சீட்டு, பெட்டி. மறுபடி பசை, சீட்டு, பெட்டி. சாயங்காலம் சங்கு ஊதும்போது என் விரல்களெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஆனால் நான் ஒட்டப் பிறந்தவள் இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் அம்பத்தூர் எஸ்டேட்டில் மின்சார மீட்டர் செய்யும் கம்பெனியில் வேலை பார்த்தவள். எள்ளு மாதிரித் திருகுகளைக் குறட்டில் எடுத்து உட்காரவைத்து, மீட்டரின் சக்கரம் உரசாமல் சுற்றும்படி முடுக்குவேன். அதனால் ஃபிட்டர் பரீட்சை வைக்கிறார்கள் என்று தெரிந்ததும் மனு எழுதிப் போட்டேன். பேக்கிங்கில் இருந்த பெண்கள், உனக்கு எதுக்கு இந்த வேலை, உட்கார்ந்த இடத்தில் சம்பளம் வருது இல்ல, என்றார்கள். உட்கார்ந்த இடத்தில் எனக்கு மூச்சு முட்டியது. பரீட்சையில் தேறினேன். துப்பாக்கிகளுக்கு டெலஸ்கோப்பு ஏற்றும் பிரிவுக்கு என்னை அனுப்பினார்கள். அந்தப் பிரிவின் பெஞ்சில் அதற்கு முன் ஒரு பெண் உட்கார்ந்ததில்லை.

போர்மேன் திருநெல்வேலிக்காரர். நல்லவர் என்றோ கெட்டவர் என்றோ சொல்ல முடியாது, வேலை நடந்தால் போதும் அவருக்கு. முதல் நாளே என்னை நிற்கவைத்துச் சொல்லிவிட்டார்.

"இந்தா பாரும்மா. கொஞ்ச நாளு கூடமாட இருந்து பாத்துக்கோ. தீவாளிக்குள்ள ஒரு துப்பாக்கிக்கு நீயே முழுசா ஏத்தணும். சுட்டுப் பாக்கையில நின்னுச்சுன்னா பெஞ்சு ஒனக்கு. நிக்கலன்னா பேக்கிங்குக்கே போயிரணும். அப்புறம் எங்கிட்ட வந்து அழுதுட்டு நிக்கக் கூடாது."

"அழ மாட்டேன் சார்," என்றேன். அழுவதற்கென்று எனக்கு வேறு காரணங்கள் இருந்தன, இதையும் சேர்க்க விருப்பமில்லை.

நிற்பது என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். டெலஸ்கோப்புக்குள் ஒரு கோடு குறுக்கே, ஒரு கோடு செங்குத்தாக இருக்கும். இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் எதைப் பார்க்கிறோமோ அங்கேதான் குண்டு போய்ப் பட வேண்டும். ஒரு தடவை பட்டால் போதாது. சுடச்சுடத் துப்பாக்கி பின்னால் உதைக்கும், அத்தனை உதைக்கும் அசையாமல் கோடு தன் இடத்திலேயே இருக்க வேண்டும். அதைத்தான் எங்கள் பிரிவில் நிற்கிறது என்பார்கள். நிற்காத டெலஸ்கோப்பு இல்லாததைவிட மோசம், சுடுகிறவனை நம்பவைத்து ஏமாற்றும்.

துப்பாக்கியின் மேல்பக்கத்தில் தட்டையாகச் செதுக்கிய சின்ன இடம் ஒன்று உண்டு. அதில் திருகு ஓட்டைகள் இருக்கும், மறுபக்கம் துளைத்துக்கொண்டு போகாமல் கிணறு மாதிரி அடி மூடியவை. அந்தத் தட்டையின்மேல் ஓர் இரும்புத் தாங்கி உட்காரும். தாங்கியின்மேல் இரண்டு வளையம், வளையத்துக்குள் டெலஸ்கோப்பு. எல்லாம் அந்தத் தாங்கி எப்படி உட்காருகிறது என்பதில்தான் இருக்கிறது.

எனக்கென்று கொடுத்த துப்பாக்கியில் பழைய தாங்கி தேய்ந்து போயிருந்தது. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் அதைக் கழற்றினேன். ஓட்டைகளில் இருந்த பழைய எண்ணெய்ப் பிசுக்கையெல்லாம் பெட்ரோலில் கழுவி, ஊதி, துடைத்து, பளிச்சென்று வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். பூஜை முடிந்து வந்ததும் புதுத் தாங்கியை ஏற்ற வேண்டியதுதான்.

ஆயுத பூஜை மற்ற இடங்களில் எப்படியோ, எங்கள் பிரிவில் நிஜமான ஆயுதங்களுக்கே நடக்கும். துப்பாக்கிகளை வரிசையாக நிறுத்தி, மாலை போட்டு, பொரி கடலை படைத்து, வாசலில் பூசணிக்காய் உடைப்பார்கள். பொட்டு வைக்கும் உரிமை பக்கத்து பெஞ்சு அண்ணனுடையது. சென்னீர்குப்பத்திலிருந்து சைக்கிளில் வருவார். வெள்ளிக்கிழமை தவறாமல் மாங்காட்டு அம்மனைப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்கே வருவார், நெற்றியில் குங்குமம் இல்லாமல் அவரை நான் கண்டதில்லை. கையும் கெட்டி. அவர் இறுக்கிய திருகைக் கழற்ற இரண்டு ஆள் வேண்டும் என்று கேலி செய்வார்கள்.

பிரிவில் எல்லாரும் துப்பாக்கிகளைச் சுற்றி நின்றார்கள். நான் கதவோரம் நின்றேன். நீ கிட்டே வராதே என்று யாரும் சொல்லவில்லை. புருஷனை இழந்தவள் எங்கே நிற்க வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லும் வழக்கமில்லை, கண்ணாலேயே காட்டிவிடுவார்கள். அண்ணன் கிண்ணத்தில் சந்தனத்தைத் தண்ணீர் விட்டுக் குழைத்து, ஒவ்வொரு துப்பாக்கிக்கும் மேல்பக்கத்தில் நடுவாகப் பார்த்து, விரலால் தாராளமாக அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்துக்கொண்டே போனார். மற்றவற்றில் தாங்கி ஏற்றியிருந்தது, அதன் தலையில் பொட்டு. என் துப்பாக்கிக்கு மட்டும் தட்டை திறந்து கிடந்தது.

"இதோட நெத்திதான் அம்சமா கீது," என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் கதவோரம் சிரித்தேன். எனக்கும் ஒரு பொட்டலம் பொரி வந்தது.

விடுமுறை முடிந்து வந்தபோது துப்பாக்கிகளை யாரோ வேஸ்டு துணியால் துடைத்து வைத்திருந்தார்கள். நான் என் துப்பாக்கியை பெஞ்சின் வைஸில், அந்த இரும்புப் பிடியில், மாட்டி, தட்டையை மறுபடி ஒரு தடவை பெட்ரோல் தொட்டுத் துடைத்து, தாங்கியை ஏற்றினேன். ஒரேயடியாக ஒரு திருகை முடுக்கிவிடக் கூடாது, முன்னால் கொஞ்சம் பின்னால் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி முடுக்க வேண்டும். பிறகு வளையத்தின் கீழ்ப்பாதி, அதில் டெலஸ்கோப்பு. சுட்டுப் பார்க்கும் முன்னாள் ராணுவக்காரரைக் கூப்பிட்டு, கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளில் சாய்த்துப் பிறகு கண்ணைத் திறக்கச் சொன்னேன். கழுத்தை நீட்டாமல் குறுக்காமல் முழு வட்டமும் தெரிய வேண்டும். ஓரத்தில் கறுப்பு அடித்தால் டெலஸ்கோப்பை முன்னே பின்னே நகர்த்த வேண்டும்.

"இப்ப சரி," என்றார் அவர். அதிகம் பேச மாட்டார்.

எதிர்ச் சுவரில் ஒரு நூலில் தூக்குக்குண்டு கட்டித் தொங்கவிட்டேன். ரசமட்டம் வைத்துத் துப்பாக்கியை நேராக நிறுத்தி, உள்ளே இருக்கும் செங்குத்துக் கோடு அந்த நூலோடு ஒன்றாகும்வரை டெலஸ்கோப்பை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினேன். கோடு சாய்ந்திருந்தால் பக்கத்தில் சரியாகப் பட்டாலும் தூரத்தில் காலை வாரிவிடும். அப்புறம் வளையத்தின் மேல்பாதியை மூடி, இரண்டு பக்கமும் இடைவெளி ஒரே மாதிரி இருக்கும்படி மூலைக்கு மூலை மாற்றி முடுக்கினேன். அன்றைக்கு என் கை எனக்கே பிடித்திருந்தது.

பின்பக்கம் மண்மேட்டுக்கு முன்னால் அட்டையை நிறுத்திச் சுட்டார்கள். முதல் குண்டுகள் பக்கத்தில் பக்கத்தில் விழுந்தன. எனக்குள் ஜில்லென்று இருந்தது. அடுத்தடுத்து விழுந்தவை வலது பக்கமாக மேலே ஏற ஆரம்பித்தன. கடைசிக் குண்டு அட்டையின் ஓரத்தைக் கிழித்தது.

"நிக்கலியே," என்றார் போர்மேன். "எறுக்கம் பத்தலம்மா. பொம்பளக் கை."

பெஞ்சுக்குப் போய் டெலஸ்கோப்பையும் வளையங்களையும் மட்டும் இறக்கி, உள்ளங்கை கன்றிப் போகும்வரை தாங்கியின் திருகுகளை முடுக்கி, மறுபடி ஏற்றினேன். மறுபடி சுட்டார்கள், மறுபடி அலைந்தது. பக்கத்து பெஞ்சு அண்ணன் எழுந்து வந்தார்.

"வுடு தங்கச்சி, நா பாக்கறேன்." உதட்டைக் கடித்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க முடுக்கினார். திருகின் தலை மழுங்கிவிடுமோ என்று எனக்குப் பயம். "இப்ப யான வந்தாலும் அசைக்க முடியாது," என்றார்.

யானை வர வேண்டியிருக்கவில்லை. அசைந்தது.

அங்கேதான் விஷயம் வேறு பக்கம் திரும்பியது. என் கை மட்டும் இறுக்கியிருந்தால் பழி பலத்தோடு போயிருக்கும், பலத்தைக் கூட்டிக்கொள்ளலாம். அண்ணன் கையே இறுக்கியும் நிற்கவில்லை என்றால் இறுக்கம் காரணம் இல்லை. காரணம் வேறு என்னவாக இருக்கும்? டீ நேரத்தில் நான் தண்ணீர்ப் பானைக்குப் பின்னால் நிற்பது தெரியாமல் அண்ணன் இன்னொருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நம்ம மேல இன்னா தப்புகீது? தொட்ட கை அப்டி. அதுக்குக் கைராசி இல்ல மாமே, பாவம். பூஜ போட்ட பொருளு, இதும்மாரி கை படக் கூடாது."

அதில் பாவம் என்ற சொல்லைச் சேர்த்திருந்தார். அதுதான் எனக்கு அதிகமாக எரிந்தது. டம்ளரை நங்கென்று வைத்தேன், அவர் திரும்பிப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

அது சனிக்கிழமை. போர்மேன் போகும்போது சொன்னார்: "திங்கக்கெழம ஒரு வாட்டி. அதோட சரி." வீட்டுக்கு நடக்கும் வழியெல்லாம் பசையும் சீட்டும் பெட்டியும் கண்ணில் வந்தன. என் வீட்டுக்காரர் போன பிறகு மாமியார் வீட்டிலும் இதே மாதிரிதான் ஒரு பேச்சு இருந்தது, நான் காலடி வைத்த நேரம் என்று. அங்கே அது சோறு போடும்போது குத்திக்காட்டுவதோடு போயிற்று, இங்கே பெஞ்சைப் பிடுங்கப் பார்க்கிறது. ராசிக்கு என்ன மருந்து இருக்கிறது? இறுக்கம் குறைந்தால் கூட்டலாம், கோடு சாய்ந்தால் நிமிர்த்தலாம். ராசி இல்லை என்றால் எந்த ஸ்பேனரை எடுப்பது? பேக்கிங்குக்குத் திரும்பிப் போக மாட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டே நடந்தேன். எப்படி என்றுதான் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாம்பார் வைக்கக் குக்கரை எடுத்தேன். கைப்பிடி லொடலொடவென்று ஆடியது. வாரக்கணக்காக ஆடிக்கொண்டிருந்ததுதான், அன்றைக்கு இருந்த கோபத்தில் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து முடுக்கினேன். திருகு கெட்டியாக நின்றது, அதற்குமேல் போகவில்லை. கைப்பிடி அப்படியே ஆடியது. இன்னும் முடுக்கினேன். திருகு அசையவில்லை, கைப்பிடி ஆடுகிறது. நாசமாய்ப் போக என்று கழற்றி வெளிச்சத்தில் பார்த்தேன். ஓட்டைக்குள் பொங்கி வழிந்த பருப்பு காய்ந்து கல்லாகக் கெட்டித்துக் கிடந்தது. திருகு பருப்பின்மேல் போய் முட்டி நிற்கிறது. கைப்பிடியை அது பிடிக்கவே இல்லை.

குக்கரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மகள் வந்து, "அம்மா, பசிக்குது," என்றாள். அன்றைக்கு அவளுக்குத் தயிர்சாதம்தான் கிடைத்தது.

திங்கட்கிழமை சங்கு ஊதும் முன்பே கேட்டில் நின்றேன். வளையங்களை இறக்கினேன். தாங்கியின் முன் திருகைக் கழற்ற உடம்பின் பலம் முழுக்கத் தேவைப்பட்டது, அண்ணன் முடுக்கியது இல்லையா. வெளியே வந்த திருகின் நுனியில் மஞ்சளாக ஏதோ அப்பியிருந்தது. விரலால் தொட்டேன், மாவாக உதிர்ந்தது. மூக்கருகே கொண்டுபோனேன். எண்ணெயும் பெட்ரோலும் நாறும் அந்த இடத்தில் கோயில் வாசனை வந்தது.

சந்தனம். நெற்றியில் வைத்த பொட்டு ஈரத்தோடு ஓட்டைக்குள் இறங்கி, துடைத்தவர்கள் துடைத்த துடைப்பில் இன்னும் உள்ளே போய், அடியில் காய்ந்து கெட்டித்திருக்கிறது. திருகு இறுகியது சந்தனத்தின்மேல். ஒவ்வொரு உதைக்கும் சந்தனம் கொஞ்சம் நொறுங்க, தாங்கி கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்திருக்கிறது. எவ்வளவு பலமாக முடுக்கினாலும் அவ்வளவும் சந்தனத்துக்குத்தான் போயிற்று.

முதலில் சிரிப்பு வந்தது. அடுத்து ஓர் எண்ணம் வந்தது, அதை மறைக்க மாட்டேன். சத்தமில்லாமல் சுத்தம் செய்து ஏற்றிவிட்டால் போதுமே. இன்றைக்கு நிற்கும், பெஞ்சு கிடைக்கும், சாமி காரியத்தில் வாய் வைத்தாள் என்ற பேரும் வராது. ஆனால் அப்படிச் செய்தால் ராசி என்ற பேச்சு அப்படியே இருக்கும். அடுத்த தடவை எந்தத் துப்பாக்கி எதனால் நிற்காமல் போனாலும் எல்லாரும் என் கையைத்தான் பார்ப்பார்கள். திருகை அப்படியே ஒரு காகிதத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

போர்மேனும் அண்ணனும் வந்ததும் இருவரையும் பெஞ்சுக்குக் கூப்பிட்டேன். திருகைக் காட்டினேன், ஓட்டையில் டார்ச் அடித்துக் காட்டினேன்.

அண்ணனின் முகம் சிவந்துவிட்டது. "இன்னாம்மே, சாமி மேலயே பழி போட்றியா?"

"சாமி மேல போடலண்ணே. நீ பொட்டு வச்ச எடத்து மேல போட்றேன்."

"எல்லாத்துக்குந்தான் வச்சேன். அதெல்லாம் நிக்கல?"

"அதுலல்லாம் தாங்கி இருந்துச்சி. இது ஒண்ணுலதான் ஓட்ட தொறந்து இருந்துச்சி. அம்சமா கீதுன்னு நீதான சொன்ன?"

போர்மேன் திருகை வாங்கி முகர்ந்து பார்த்தார். நகத்தால் சுரண்டினார். மறுபடி முகர்ந்தார்.

"சந்தனந்தான்," என்றார். "தொடச்சி ஏத்தும்மா."

அவ்வளவுதான். மன்னிப்பு, சமாதானம் எதுவும் இல்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. விளக்குமாற்றிலிருந்து ஒரு குச்சியை உருவி, நுனியைச் சீவி, பெட்ரோலில் நனைத்து ஒவ்வொரு ஓட்டையாகச் சுரண்டினேன். மஞ்சளாக வந்தது, பிறகு லேசான மஞ்சள், பிறகு ஒன்றுமில்லை. காய்ந்ததும் தாங்கியை வைத்தேன். மழுங்கிய திருகைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது எடுத்தேன். இந்த முறை முழு பலத்தையும் போடவில்லை. முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம், மீட்டருக்கு முடுக்கிய அதே கையால், திருகு தானாகச் சொல்லும் இடத்தில் நிறுத்தினேன். அண்ணன் தன் பெஞ்சில் வேலை பார்ப்பது போல என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மண்மேட்டுக்குப் பிரிவே வந்துவிட்டது. ராணுவக்காரர் படுத்துச் சுட ஆரம்பித்தார். நான் அட்டையைப் பார்க்கவில்லை, அவர் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தோள் உதை வாங்கியது, வாங்கியது, வாங்கிக்கொண்டே இருந்தது. கடைசியில் அவர் எழுந்து, முழங்கை மண்ணைத் தட்டிக்கொண்டு, அட்டையைக் கழற்றி வந்து என் கையில் கொடுத்தார். குண்டுகளெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே கிழிசலாகிக் கிடந்தன. அதை ஒரு கொய்யாக்காயால் மூடிவிடலாம்.

"நிக்குது," என்றார்.

போர்மேன் தலையாட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார். பெஞ்சு எனக்கு என்பதற்கு அந்தத் தலையாட்டல்தான் உத்தரவு. அண்ணன் கிட்டே வந்து அட்டையை எட்டிப் பார்த்தார்.

"பாத்தியா தங்கச்சி, ஒனக்கும் கைராசி வந்துட்ச்சி."

நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் பழி சொன்னபோதுகூட எனக்கு அவ்வளவு கோபம் வரவில்லை. "ராசிய நீயே வச்சிக்கண்ணே," என்றேன். "எனக்கு கை போதும்." அதற்குப் பிறகு நாங்கள் ரொம்ப நாள் வேலைப் பேச்சு மட்டும் பேசிக்கொண்டோம்.

அடுத்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. துப்பாக்கிகளை வரிசையாக நிறுத்தினார்கள், மாலை போட்டார்கள். நான் வழக்கம்போலக் கதவோரம் போனேன். அண்ணன் சந்தனத்தைக் குழைத்தார். முதல் துப்பாக்கியிடம் போனவர், தூக்கிய விரலோடு அப்படியே நின்றார். பிறகு கிண்ணத்தோடு நேராகக் கதவுக்கு வந்தார்.

"எங்க வைக்கணும், எங்க வைக்கக் கூடாதுன்னு ஒனக்குத்தான் தெரியும். நீயே வையி."

யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். அண்ணன் திரும்பி ஒரு பார்வை பார்த்தார், கனைப்பு நின்றது. நான் கிண்ணத்தை வாங்கினேன். என் வீட்டுக்காரர் போய் நாலு வருஷத்தில் நான் சந்தனத்தைத் தொட்டது அந்த ஓட்டைகளைச் சுரண்டியபோது மட்டும்தான்.

துப்பாக்கிகளின் பின்கட்டையில், தோளில் பதியும் மரத்தின் பக்கவாட்டில், ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டு போனேன். கடைசித் துப்பாக்கி முடிந்தபோது விரலில் சந்தனம் மிச்சமிருந்தது. துடைக்க வேஸ்டு துணி பக்கத்திலேயே கிடந்தது. நான் விரலைத் தூக்கி என் நெற்றியில் வைத்துக்கொண்டேன்.

ஜில்லென்று இருந்தது, கண்ணீர் முட்டியது, அழ மாட்டேன் என்று போர்மேனிடம் சொன்னது ஞாபகம் வந்தது.

"இன்னா நின்னுகினே கீற?" என்றார் அண்ணன். "வைஸுக்கும் வையி, சந்தனம் காஞ்சிடப் போவுது."